காசில் புகழ், முதுகில் சாட்டை!

கையில் எடுத்தால் ஒரு விரல்நுனி அளவே தோன்றும் சிறு வெள்ளிக்காசு அது. எடை நான்கு கிராமுக்கும் குறைவு. அதன் ஒரு முகத்தில், துடுப்புகள் வரிசையாய் நீண்ட போர்க்கப்பல். மறுமுகத்தில், இரண்டு படைக்கொடிகளின் நடுவே ஒரு கழுகு. கழுகின் காலடியில் ஓர் எண். இரண்டு, மூன்று, ஐந்து, பத்து என அவ்வெண் காசுக்குக் காசு மாறும். அவ்வெண்ணே ஒரு படையணியின் பெயர். உரோமை ஆட்சியின் கிழக்குப் பாதியைக் கையில் வைத்திருந்த மார்க்கு அந்தோனி, கி.மு. 32, 31 ஆகிய ஈராண்டுகளில் தன் படைகளுக்குக் கூலி கொடுக்க அடித்த தெனாரியக் காசு இது.

இதனைப் 'படையணிகளைப் பெருமைப்படுத்திய காசு' என்று மேலை வரலாற்று நூலார் எழுதி வைத்தனர். பழங்காசு திரட்டுவோரும் ஏலத்தில் விற்போரும் அதனையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றனர். அவர்தம் நூல்களைப் படித்த நம்மவரும் 'ஆம், ஆம்' எனத் தலையசைக்கின்றனர். கழுகையும் கொடியையும் கண்டவுடன் கண் கூசிப் போகிறவர்கள், அந்தக் காசை ஒருமுறை உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்களா? அக்காசு யாருடைய வெள்ளி, யாருடைய உழைப்பு, யாருடைய குருதி என்று கேட்டார்களா?

தமிழ் மக்கள் வழக்கில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. காசு என்பது வாங்குவோனுக்கும் கொடுப்போனுக்கும் இடையே உள்ள நேர்மையின் அடையாளம் என்னும் தெளிவு இச்சொல்லாட்சியிலேயே அடங்கிக் கிடக்கிறது. அந்தோனியின் காசு முதற்பொருளில் நாணயந்தான். இரண்டாம் பொருளில் அது நாணயமா என்பதே இங்குக் கேள்வி.

மூவருள் ஒருவனாம்!

கப்பல் பொறித்த முகத்தில் உள்ள எழுத்தை முதலில் படிப்போம். மேலே அந்தோனியின் பெயரும், பறவைகள் பறக்கும் முறை கண்டு நற்குறி தீக்குறி கூறும் பூசகன் என்னும் சிறப்பும் சுருக்கெழுத்தில் உள்ளன. கீழே, 'பொதுநாட்டைச் சீரமைக்கும் மூவருள் ஒருவன்' என்னும் ஆட்சிப்பெயர் உள்ளது.

மூவருள் ஒருவன் எனில் ஏனை இருவர் எங்கே? இலெப்பிதசு கி.மு. 36-ஆம் ஆண்டிலேயே ஒதுக்கித் தள்ளப்பட்டான். மற்றொருவனாகிய ஒக்தேவியன் மேல் போர் தொடுக்கவே இக்காசு அடிக்கப்பட்டது! மூவர் ஆட்சிக்குக் குறித்த காலமும் கி.மு. 33-ஆம் ஆண்டின் முடிவோடு கழிந்துபோயிற்று என்பர் அறிஞர் பலர். ஆக, இல்லாத கூட்டணியின் பெயரால், முடிந்துபோன பொறுப்பின் பெயரால், நாட்டைச் சீரமைப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்நாட்டுப் போருக்கு வெள்ளியடித்தான் அவன். காசின் முதல் வரியே பொய்.

மறுமுகத்தில் முதற்படையணி முதல் இருபத்து மூன்றாம் படையணி வரை பெயர்கள் வருகின்றன. தலைவனைக் காக்கும் மெய்காவற்படைக்கும் ஒற்றர் படைக்கும் தனித்தனிக் காசுகள் உள்ளன. பன்னிரண்டாம் படையணிக்குப் 'பழம்படை' என்றும், பதினேழாம் படையணிக்குக் 'கடற்படை' என்றும், பதினெட்டாம் படையணிக்கு 'இலிபியப் படை' என்றும் அடைமொழிகள் வேறு. அந்தோனியின் முகம் இவ்வரிசைக் காசுகளில் இல்லை. தன் முகத்தை மறைத்துத் தன் படைஞரின் கொடியை முன்வைத்த இத்தன்மையைத்தான் பெருமிதம் என்கின்றனர். கிளியோபாத்திராவின் பக்கம் சாய்ந்தவன் என்னும் பழி உரோமை எங்கும் பரவியிருந்த வேளையில், தன் முகத்தைவிடப் படைஞர் முகம் விலைபோகும் என்று அவன் கணக்கிட்டதைத் தன்னடக்கம் என்று கொள்ள வேண்டுமா?

உரோமைப் படைஞனுக்குக் கழுகு என்பது வெறும் பறவை உருவன்று. படையணியின் உயிர் அது. அதனைப் பகைவரிடம் இழந்த படையணிக்கு அதனினும் இழிவு வேறில்லை. அவ்வளவு உயர்ந்த பற்றினைக் கூலிக்காசின் மேல் அடித்துக் கொடுத்தால் மறவன் உள்ளம் நெகிழும். நெகிழ்ந்தவன் எடை பார்க்க மாட்டான். இதனை நன்கு அறிந்தே அச்சு வெட்டப்பட்டது.

துடுப்பு வலித்தவர் யார்?

காசில் உள்ள கப்பலுக்குத் துடுப்புகள் உண்டு. துடுப்பு வலிப்போர் உருவம் அதில் தெரிவதில்லை. அவர்கள் யாரென்பதைக் கிரேக்க நூலாசிரியர் புளூட்டார்க்கு எழுதியுள்ளார். அந்தோனியின் கப்பல்களுக்கு ஆள் போதவில்லை. ஆகவே கப்பல் தலைவர்கள் கிரேக்க நாட்டில் வழிப்போக்கரையும் கழுதை ஓட்டுவோரையும் கதிர் அறுப்போரையும் மீசை முளைக்காத இளைஞரையும் பிடித்து வந்து துடுப்பில் அமர்த்தினர். அப்பொழுதும் ஆள் நிரம்பவில்லை.

படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது? அதனையும் புளூட்டார்க்கே கூறுகிறார். அது அவர்தம் குடும்பத்துச் செய்தி. அவருடைய ஊர் கேரோனியா. அவருடைய கொள்ளுப்பாட்டனார் நிக்கார்க்கசு தம் வழிவந்தோர்க்குச் சொல்லிவந்தது இது: ஊரார் அனைவரும், அளந்து கொடுத்த கோதுமை மூட்டையைத் தோளில் சுமந்து, அந்திக்கிராக் கடற்கரை வரை நடக்குமாறு ஏவப்பட்டனர். நடை தளர்ந்தவர் முதுகில் சாட்டை விழுந்தது. சுமை தூக்கியவர் அடிமைகள் அல்லர், அவ்வூர்க் குடிமக்கள். எந்தப் போருக்காகச் சுமந்தார்களோ அந்தப் போரில் அவர்களுக்கு வெல்ல வேண்டியதும் ஒன்றில்லை, தோற்க வேண்டியதும் ஒன்றில்லை.

படையணியின் பெயர் காசில் ஏறிய அதே காலத்தில்தான் கேரோனியா மக்கள் முதுகில் சாட்டைத் தழும்பு ஏறியது. ஒன்றைப் பேசும் நூல்கள் மற்றொன்றை ஏன் அடுத்த வரியில் பேசுவதில்லை?

வெள்ளியில் செம்பு

படைஞனுக்காவது முழுக்கூலி கிடைத்ததா? அந்தோனி தெனாரியக் காசில் இரும்பைக் கலந்தான் என்று உரோமை நூலாசிரியர் பிளினி எழுதினார். இக்கால ஆய்வில் கலப்பு மாழை செம்பு எனத் தெரிகிறது. மாழையின் பெயரில் பிளினி தவறியிருக்கலாம். கலப்பு என்று சொன்னதில் தவறவில்லை. அக்காலத்துத் தெனாரியம் ஏறத்தாழத் தூய வெள்ளியாய் இருக்க, கழுகு பொறித்த இக்காசு மட்டும் மாற்றுக் குறைந்ததாக வெளிவந்தது.

இக்காசின் பிற்கால வாழ்வே இதற்குச் சான்று. நல்ல வெள்ளிக் காசைக் கண்டால் மக்கள் எடுத்து மறைத்து வைப்பர். அரசும் அதனைத் திரும்ப வாங்கி உருக்கும். மாற்றுக் குறைந்த காசையோ கைக்குக் கை தள்ளிவிடுவர். கி.பி. 64-இல் நீரோவும் அதன்பின் வந்தோரும் தெனாரியத்தின் தரத்தைக் குறைத்தனர். 107-இல் திராசன் பழங்காசுகளைத் திரட்டி உருக்கினான். அந்த உருக்கு உலைகளுக்கெல்லாம் அந்தோனியின் காசு தப்பிவிட்டது. உருக்கினால் ஊதியமில்லை என்பதே காரணம்! இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கைக்குக் கை மாறி, கப்பல் எது கழுகு எது என்று தெரியாத அளவுக்குத் தேய்ந்த நிலையில் இக்காசுகள் புதையல்களில் கிடைக்கின்றன. நெடுநாள் வாழ்ந்ததால் இக்காசு பெருமைக்குரியது என்பார் உளர். யாரும் வைத்துக்கொள்ள விரும்பாததால் நெடுநாள் வாழ்ந்த காசு இது.

கப்பலா, கழுகா?

கி.மு. 31, செப்தம்பர் 2. அக்தியம் என்னும் கடல்முனை. அந்தோனியின் படை பசியாலும் நோயாலும் மெலிந்திருந்தது. தரையில் போரிடுவதா, கடலில் போரிடுவதா என்னும் வழக்கு எழுந்தது. கிளியோபாத்திராவின் விருப்பப்படி கடற்போரே முடிவாயிற்று.

அப்போது, உடலெல்லாம் விழுப்புண் நிறைந்த நூற்றுவர் தலைவன் ஒருவன் அந்தோனியைக் கண்டு கண்ணீர் விட்டதாகப் புளூட்டார்க்கு கூறுகிறார். எம் புண்களையும் எம் வாளையும் நம்பாமல் இந்த மரக்கட்டைகளை ஏன் நம்புகின்றீர், கடற்போரைக் கடலோடிகளுக்கு விட்டுவிட்டு எமக்குத் தரையைக் கொடும், அங்கு நின்று சாகவும் வெல்லவும் அறிவோம் என்பது அவன் முறையீட்டின் கருத்து. அந்தோனி வாய் திறந்து ஒரு விடையும் சொல்லவில்லை. கையசைத்து ஊக்கம் காட்டுவதுபோல் காட்டிவிட்டு நகர்ந்தான்.

காசின் இரு முகமும் இங்கே எதிரெதிர் நின்றன. கழுகின் பக்கத்து மறவன் மண்ணைக் கேட்டான். தலைவன் கப்பலின் பக்கத்தைத் தேர்ந்தான். கடற்போரில் பாய்கள் சுமை என்று கரையில் விட்டுச் செல்லக் கருதிய மாலுமிகளைத் தடுத்து, பாய்களையும் ஏற்றுமாறு அவன் கட்டளையிட்டான். ஓடும் பகைவரைத் துரத்துவதற்காம்! அந்தப் பாய் யார் ஓட உதவிற்று? கிளியோபாத்திராவின் கப்பல்கள் பாய் விரித்துத் தெற்கே விரைந்ததும், தனக்காக மாய்ந்துகொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு அவள்பின் ஓடினான் அவன். பறவைக்குறி பார்க்கும் பூசகனுக்குத் தன் காசிலிருந்த கழுகின் குறி மட்டும் தெரியாமற் போயிற்று.

கரையில் நின்ற தரைப்படையோ தலைவன் ஓடியதை நம்ப மறுத்தது. தோல்வியே காணாத பத்தொன்பது படையணிகள் அங்கு நின்றன என்பார் புளூட்டார்க்கு. ஒக்தேவியன் விடுத்த தூதுகளைப் புறக்கணித்து, அந்தோனி எப்படியும் வருவான் என்று ஏழு நாள் காத்திருந்தன. ஏழாம் நாளுக்குப்பின், அவற்றை நடத்த வேண்டிய கனிதியசும் இரவோடிரவாக ஓடிவிட்டான். அதன்பிறகே அவை பகைவன்பால் சென்றன. நிலைத்த மறவர் பலர் இருந்தும் நடத்தும் தலைமக்கள் இல்லாதவிடத்துப் படை நில்லாது என்று திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் முடிவது இத்தகைய நிலையை எண்ணியே போலும்.

செஞ்சோற்றுக் கடன் என்று தமிழில் ஒரு சொல் உண்டு. உண்ட சோற்றுக்காக உயிர் கொடுத்தல் படைஞன் கடன். அக்கடனை அப்படையணிகள் ஏழு நாள் கூடுதலாகவே கழித்தன. சோறிட்டவனுக்கும் கடன் உண்டன்றோ? அவன் கழித்தது செம்பு கலந்த வெள்ளியும் விரித்த பாயும். யார் யாரைப் பெருமைப்படுத்தினர், யார் யார்க்கு இரண்டகம் செய்தனர் என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.

அக்தியச் செய்தி கேரோனியாவை எட்டியபோது, ஊரார் ஒரு நடை சுமந்து முடித்திருந்தனர். இரண்டாம் நடைக்குக் கோதுமை அளந்து மூட்டை கட்டியாயிற்று, புறப்படவேண்டியதே எச்சம். அந்தோனி தோற்றான் என்று கேட்டதும் அவனுடைய ஏவலரும் படைஞரும் ஓடிவிட்டனர். ஊரார் அக்கோதுமையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர்.

வெள்ளி தேயத் தேயப் புகழ் வளர்ந்தது

அந்தோனி காட்டிய வழி அவனோடு அழியவில்லை. கி.பி. 68-இல் ஆப்பிரிக்க ஆள்புலத்தில் கிளர்ந்தெழுந்த குலோதியசு மாக்கர், தன் இரு படையணிகளையும் 'விடுதலைப் படைகள்' என்று வெள்ளிக்காசில் பொறித்தான். அதே ஆண்டில் கால்பாவின் ஆணையால் கொல்லப்பட்டான். விடுதலை, காசோடு நின்றது.

193, மார்ச்சு 28-இல் உரோமையின் மெய்காவற்படை தன் பேரரசனைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் விட்டது. ஆளுக்கு 25,000 செசுதர்சுக் காசு தருவதாகச் சொன்ன திதியசு யூலியானசு அதனை வாங்கினான். அவனை வீழ்த்த வந்த செப்திமியசு செவேரசு என்ன செய்தான்? தன் பக்கம் நின்ற படையணிகளில் பதினைந்து அளவுக்குத் தனித்தனிக் காசு அடித்தான். அதே கழுகு, அதே இரு கொடிகள், படையணியின் எண்ணும் பெயரும். இரு நூற்றாண்டுக்கு முந்திய அந்தோனியின் அச்சையே பார்த்து வெட்டியதுபோன்ற காசுகள். ஆனால் அவனுடைய படைஞர் உரோமைக்குள் நுழைந்ததும் ஆளுக்குப் பதினாயிரம் செசுதர்சு கேட்டு நின்றனர். காசில் பெயர் இருந்தால் வயிறு நிறைந்துவிடும் என்று அவர்கள் கருதவில்லை போலும்! கொடுக்கப்பட்டதோ ஆயிரம். ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே செவேரசு தெனாரியத்தின் வெள்ளியைப் பாதி அளவுக்கு இறக்கினான். ஒரு கையால் சம்பளத்தை உயர்த்தி, மறுகையால் சம்பளக் காசின் வெள்ளியைச் சுரண்டிய திறமை அது.

211-இல் சாகுங்கால், தன் மக்கள் இருவரும் ஒற்றுமையாய் இருக்கவேண்டும், படைஞரைச் செல்வராக்கவேண்டும், ஏனையோரைப் பொருட்படுத்தவேண்டா என்று அவன் அறிவுரை கூறியதாக வரலாறு. அவ்வாண்டு முடியுமுன் மூத்தவன் கரகல்லா இளையவன் கெத்தாவைக் கொன்றான். 217-இல் கரகல்லாவைக் கொன்றவன் அவனுடைய படைஞன் ஒருவனே. காசினால் வாங்கிய பற்று வேறொருவன் கைக்காசுக்கும் விலைபோகும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வழியின் முடிவைக் காண விரும்புவோர் கல்லியேனசின் காசைக் காண்க. 260-ஆம் ஆண்டையொட்டி, தந்தை வலேரியன் பாரசீக மன்னனிடம் சிறைப்பட, நாடு துண்டு துண்டாகச் சிதற, படையணிகளின் பெயரால் மீண்டும் காசடித்தான் அவன். வெறுமனே பற்றுடைய படை, மெய்ம்மையுடைய படை என்று சொன்னால் போதவில்லை. 'ஆறு மடங்கு பற்றுடையது, ஆறு மடங்கு மெய்ம்மையுடையது' என்று பொறித்தான். அதுவும் போதாமல் 'ஏழு மடங்கு' என்று ஏற்றினான். அவன் ஆட்சி முடிவதற்குள் அக்காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து விழுக்காடும் இல்லாமல், செம்பின் மேல் பூசிய பூச்சாய் நின்றது. வெள்ளி ஏழு மடங்கு குறையக் குறையப் பற்று ஏழு மடங்கு ஏறிய விந்தையை வேறெங்கும் காணவியலாது. 268-இல், மெதியோலானம் நகரின் மதிற்புறத்தில், அவனுடைய படைத்தலைவர்களே அவனைக் கொன்றனர். ஏழு மடங்கு மெய்ம்மையின் விளைவு அது.

எடை பார்த்தவர்கள்

உரோமைக் காசின் முகத்தில் மயங்காமல் அதன் எடையை நோக்கியவர்கள் கீழ்த்திசையில் இருந்தனர். கிளாதியசு ஆட்சியில் நிகழ்ந்ததாகப் பிளினி எழுதிய செய்தி ஒன்றுண்டு. அன்னியசு புளோக்காமசு என்பானிடம் இருந்து விடுவிக்கப்பட்ட ஊழியன் ஒருவன் காற்றில் அடிபட்டு ஈழத்தீவை அடைந்தான். அவனிடமிருந்த தெனாரியங்களை அந்நாட்டு மன்னன் ஆராய்ந்தான். வெவ்வேறு தலைகள் பொறித்திருந்தும் எல்லாம் ஒத்த எடையாய் இருப்பதைக் கண்டு, அக்காசடித்தோரின் நேர்மையை வியந்தான். தலை யாருடையது என்று அவன் வியக்கவில்லை. நிறையைத் தூக்கிப் பார்த்து வியந்தான்.

தமிழ்நிலத்தின் கதையும் அதுவே. கொங்கு நாட்டில் கிடைத்த உரோமை வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பான்மை அகசுத்தசும் திபேரியசும் வெளியிட்ட நல்ல வெள்ளித் தெனாரியங்கள். உரோமை ஆள்புலங்களில் குவிந்து கிடந்த அந்தோனியின் படையணிக் காசு இங்கே தேடினும் அரிது. மிளகு கொள்ள வந்த வணிகர் மாற்றுயர்ந்த காசையே தேர்ந்து கொண்டுவந்தனர் என்பது அறிஞர் கருத்து. தேர்ந்து கொண்டுவர வேண்டிய கட்டாயம் ஏன் வந்தது? சங்கப் புலவருள் சிலர் பெயரோடு 'வண்ணக்கன்' என்னும் சொல் ஒட்டியிருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். காசின் மாற்று நோக்குவோன் பெயர் அது. மாற்று நோக்குதலைத் தொழிலாகவே கொண்டோர் இருந்த அங்காடியில் கழுகின் சிறகைக் காட்டிச் செம்பை விற்கவியலுமோ? 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் வெளிப்பட்ட 501 உரோமைப் பொற்காசுகளில் மிகப் பலவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளிவெட்டு உள்ளது. வெட்டியதன் காரணம் எதுவாயினும் ஆகுக. முகத்தைக் கண்டு கும்பிட்டவர் செயல் அதுவன்று என்பது உறுதி.

ஆகவே, படையணிக் காசுகளைப் போற்றுவோர்க்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. காசில் பெயர் பொறிப்பதால் ஒருவன் பெருமை பெறுவதில்லை. முழுக்கூலி கொடுத்தலும், உடன் நின்று போரிடுதலும், பிறர் முதுகில் சுமையேற்றாமையுமே பெருமைப்படுத்துதல். இம்மூன்றும் இல்லாதவிடத்து எழும் புகழ்மொழி, கொடுக்க மறந்த கூலியின் மேல் பூசிய பூச்சு. மேடையில் ஒருவனுக்கு மாலை சூட்டி, 'நாட்டின் தூண்' என்று வாயாரப் பாராட்டி, மறுநாள் அவன் கூலியில் கை வைப்போர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் உளர். அவர்கள் பாராட்டும்போதெல்லாம் வண்ணக்கன் செய்ததைச் செய்க: காசைத் தட்டிப் பார்க்க, தூக்கிப் பார்க்க, உரைத்துப் பார்க்க.

அந்தோனி எண்ணிட்டுப் பொறித்த படையணிகளின் காசு இன்றும் ஏலக்கூடங்களில் மலிந்து கிடக்கிறது. அந்திக்கிராவுக்குக் கோதுமை சுமந்த கேரோனியா மக்களுக்கு எவனும் காசடிக்கவில்லை. அவர்களுள் ஒருவர் தாம் பட்டதைத் தம் பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் தம் பிள்ளைகளிடம் சொன்னார்கள். கொள்ளுப்பேரன் எழுதி வைத்தான். அந்த எழுத்தில் செம்பு கலக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டாகியும் அது தேயவும் இல்லை.